வண்டி மேல் ஒரு வீடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

உணவு, உடை, உறையுள் என மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வகுத்துக் கூறுவர். இவற்றுள் முதல் இரண்டையும் மனிதன் தன்னோடு எடுத்துச் செல்ல முடியும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். மாற்றுத்துணியைப் பையில் வைத்துக்கொள்ளலாம். உறையுளை மட்டும் அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. அதனால்தான் வழிப்போக்கர்களுக்காகச் சத்திரமும் சாவடியும் கட்டிவைத்தார்கள் நம் முன்னோர். இன்று சத்திரங்கள் மறைந்துவிட்டன. விடுதிகளோ காசுள்ளவர்களுக்கு உரியவை. ஊர் ஊராகச் செல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் எங்கே உறங்குவது?

சங்க காலத்து உமணர்கள் உப்பு மூட்டைகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு காடும் மேடும் கடந்து சென்றதைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். அவர்களுக்கு வண்டியே வீடு. நம் ஊர்ச் சந்தைகளுக்குச் சரக்குக் கொண்டுவந்த மாட்டு வண்டிக்காரர்களும் வண்டிக்கு அடியில் வைக்கோலைப் பரப்பி உறங்கியவர்களே. மோட்டார் வாகனம் வந்த பின்னர், வண்டிக்கு அடியில் இருந்த படுக்கை வண்டிக்கு மேலே ஏறியது. இத்தாலி நாட்டில் 1958-ஆம் ஆண்டிலேயே காரின் கூரையில் பொருத்தும் கூடாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. கிழக்கு ஜெர்மனி என்றொரு நாடு இருந்த காலத்தில், டிராபண்ட் என்னும் சிறிய காரின் தலையில் கூடாரத்தைச் சுமந்துகொண்டு அந்நாட்டு மக்கள் விடுமுறைக்குப் புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் காட்டுவழிப் பயணம் செல்வோர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். நம் நாட்டிலும் மலைப்பயணம் செல்லும் ஜீப்புகளின் மேல் இதனை இப்போது காணலாம்.

அவர்களுக்கெல்லாம் அது இன்பச் சுற்றுலாவின் ஒரு பகுதி. எங்கள் வீட்டுக்கோ அது பிழைப்போடு ஒட்டிய தேவையாக வந்து சேர்ந்தது. ஒரு கூடாரத்தைத் தேர்ந்தெடுக்க எங்கள் குடும்பம் நான்கு மாதங்கள் யோசித்தது. அந்த யோசனையில் நான் கற்றவற்றை என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்வை விற்பவரின் உறக்கம்

கரூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை போர்வையும், கொசுவலையும், பேருந்துக்குப் பாடி கட்டும் பட்டறைகளும்தாம். என் தந்தை அவற்றுள் முதல் இரண்டையும் விற்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தறி ஓட்டினார், பின்னர் மிதிவண்டியில் போர்வை விற்றார். இப்போது கடனில் வாங்கிய ஒரு குட்டி யானை வண்டி இருக்கிறது. போர்வை, துண்டு, ஜமுக்காளம், கொசுவலை ஆகியவற்றைப் பொதிபொதியாக ஏற்றிக்கொண்டு நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகக் கோலார் வரை செல்வார். ஒரு பயணம் பத்து அல்லது பன்னிரண்டு நாள். ஊருக்குள் ஒலிபெருக்கியில் கூவி விற்பார். இருட்டியதும் ஏதேனும் பெட்ரோல் பங்க் ஓரத்திலோ கோயில் மைதானத்திலோ வண்டியை நிறுத்துவார்.

அவர் எங்கே உறங்குகிறார் என்பதை நான் நெடுநாள் அறியவில்லை. அவரும் சொன்னதில்லை. சரக்கை விட்டுவிட்டு விடுதிக்குப் போக முடியாது. சுமைப்பெட்டியிலோ பொதிகள் நிறைந்திருக்கும். பாதிச் சரக்கு விற்ற பிறகே அங்கு உடம்பை நீட்ட இடம் கிடைக்கும். முன்னிருக்கை சாயாது. ஆகவே முதல் ஐந்தாறு இரவுகள் உட்கார்ந்தபடியே உறக்கம். கால் வீங்கினால், வண்டிக்கு அடியில் ஒரு ஜமுக்காளத்தை விரித்துப் படுப்பாராம். தரையில் படுத்து உறங்குவோரைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கிறது. கடித்த வலிகூடச் சில வேளை தெரிவதில்லை என்று விலங்கியல் படிக்கும் என் தோழி கூறினாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஊரெல்லாம் உறங்குவதற்குப் போர்வையும் கொசுவலையும் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு உறங்க ஓர் இடமில்லை. இதைவிட ஒரு முரண் உண்டா?

2025-ஆம் ஆண்டு மே மாதப் பயணத்தில், தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அப்பாவுக்கு ஒரு நொடி கண் சொக்கியிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒலி எழுப்பியதில் விழித்துக்கொண்டு ஓரங்கட்டினாராம். இதை அம்மாவிடம் மெதுவான குரலில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. உறக்கமின்மை பற்றி நூலகத்திலும் இணையத்திலும் தேடினேன். ஒருவர் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு அவருடைய செயல்திறன் குன்றிவிடுகிறது என்று 1997-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கண்டறிந்தது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் அளவு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம், அதாவது 0.03 விழுக்காடு. என் தந்தை வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. ஆயினும் உறக்கமின்மை அவரை அந்த வரம்புக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அன்றே முடிவு செய்தேன், அவருக்கு ஒரு படுக்கை வேண்டும் என்று.

கடையில் கிடைப்பவை

கூரைக் கூடாரங்களை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம். முதலாவது மடிப்பு வகை. இதன் அடித்தளம் இரண்டாக மடியும் பலகை. ஏணியைப் பிடித்து இழுத்தால் மேற்பலகை புத்தகத்தின் அட்டைபோல் விரிந்து வண்டிக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். அதனை ஏணியே தாங்கி நிற்கும். துணியும் கூடவே எழுந்து கூரையாகும். படுக்க இடம் தாராளம். விலை ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் விரிக்கவும் மடிக்கவும் நேரம் பிடிக்கும். நனைந்த துணியை அப்படியே மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

இரண்டாவது ஓட்டு வகை. மேலும் கீழும் கண்ணாடி இழையாலோ அலுமினியத்தாலோ ஆன இரு ஓடுகள், நடுவில் துணிச்சுவர். கொக்கியை விடுவித்தால் வாயு அடைத்த தண்டுகள் மேல் ஓட்டைத் தாமே தூக்கிவிடும். ஒரே நிமிடத்தில் படுக்கை ஆயத்தம். ஓடும்போது காற்றைக் கிழித்துச் செல்லவும் ஏற்றது. ஆனால் வண்டியின் கூரை எவ்வளவோ அவ்வளவுதான் அகலம். விலையோ மிக அதிகம்.

இவற்றின் எடை பெரும்பாலும் 50 கிலோ முதல் 70 கிலோ வரை இருக்கிறது. அதற்கு மேற்பட்டவையும் உண்டு. விலையை அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் காசுக்கு ரெண்டு வருசம் லாட்ஜிலயே படுத்துக்கலாம் அம்மிணி" என்று சிரித்தார். சிரிப்பினூடே அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது: "அதையெல்லாம் எந்த வண்டிக்குச் செஞ்சிருக்கறாங்க? என்ற வண்டிக்கா?"

அது சரியான கேள்வி. அவை கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் செய்யப்பட்டவை. குட்டி யானையின் முன்கூரையோ மெல்லிய தகடு. பின்புறச் சுமைப்பெட்டி ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. ஒருவர் கால் நீட்டிப் படுக்க அது போதும். சுமைப்பெட்டியின் நான்கு மூலைகளில் தூண் நிறுத்தி, பொதிகளுக்கு மேலே ஒரு தளம் அமைத்து, அதன்மேல் மடிப்புக் கூடாரம் வைப்பது என்று முடிவாயிற்று. பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊரில், துணியும் தையலும் தெரிந்த வீட்டில், அதனை நாமே செய்துகொண்டால் என்ன?

எடைக் கணக்கு

கூடாரம் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கூரை எவ்வளவு தாங்கும் என்பது. இதற்கு ஒரு விடை இல்லை. இரண்டு விடைகள் உள்ளன. நிற்கும் வண்டி தாங்கும் எடை வேறு. ஓடும் வண்டி தாங்கும் எடை வேறு. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது மேலிருக்கும் பொருள் முடுக்கத்துக்கு உள்ளாகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி அப்போது கூரையின் மேல் விழும் விசை, அப்பொருளின் எடையைவிட மிகுதியாகிறது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசையும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே கார்த் தயாரிப்பாளர்கள் ஓடும் நிலைக்கு விதிக்கும் வரம்பு பெரும்பாலும் 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். இரவில் நின்றிருக்கும்போது அதே கூரை இரண்டு ஆட்களையும் கூடாரத்தையும் சேர்த்துத் தாங்கிவிடும். எனவே கூடாரத்தின் எடை ஓடும் வரம்புக்குள் அடங்க வேண்டும். வண்டி ஓடும்போது அதில் எவரும் படுத்திருக்கக் கூடாது.

பட்டறை அண்ணன் கனத்த ஆங்கிள் இரும்பைக் காட்டி, "கனமா இருந்தாத்தான் தாங்கும் தங்கச்சி" என்றார். நான் தாளும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டேன். 12 மி.மீ. பிளைவுட் பலகை, 2.1 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம்: சுமார் 20 கிலோ. உள்ளீடற்ற சதுரக் குழாய்ச் சட்டம் 13 கிலோ. துணியும் வலையும் 5 கிலோ. மெத்தை 4 கிலோ. ஏணி 5 கிலோ. ஆக மொத்தம் 47 கிலோ. ஆங்கிள் இரும்பில் செய்தால் சட்டத்தின் எடை இருமடங்காகும். ஒரே எடையுள்ள திண்மக் கம்பியைவிட உள்ளீடற்ற குழாய் வளைவை அதிகம் தாங்கும் என்பதை முதலாண்டுப் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அண்ணன் ஒரு குழாயைச் சுவரோரம் சாய்த்து, அதன்மேல் தாமே ஏறி நின்று பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டார். அதே வேளையில், அதிர்வில் மரைகள் கழலாமல் ஸ்பிரிங் வாஷர் போடவும், தளத்துக்கும் தூணுக்கும் இடையில் ரப்பர்த் துண்டு வைக்கவும் அவர்தாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவை என் பாடப்புத்தகத்தில் இல்லை.

அடுத்தது ஈர்ப்பு மையம். உயரத்தில் எடை கூடினால் வண்டி வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடும். சரக்கோடு வண்டி 1,500 கிலோ என்றும், அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் உள்ளது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 190 செ.மீ. உயரத்தில் 47 கிலோவை வைத்தால் ஈர்ப்பு மையம் 3 செ.மீ.க்குச் சற்று மேல் உயர்கிறது. இதை அப்பாவிடம் தென்னை ஈர்க்கும் உருளைக்கிழங்கும் வைத்து விளக்கினேன். அவர் நீண்ட நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப மேல ஏறுன கனத்துக்குச் சமமா, கீழ கனத்தை எறக்கீட்டாச் சரியாப் போகுமில்ல? இப்ப ஜமுக்காளம் மேல கெடக்குது. அதை அடியில போட்டுட்டு, கொசுவலையை மேல வெச்சா?"

நான் மறுபடியும் பென்சிலை எடுத்தேன். 100 கிலோ ஜமுக்காளத்தை அரை மீட்டர் கீழே இறக்கி, அந்த இடத்தில் எடை குறைந்த வலைகளை வைத்தால், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ அதே 3 செ.மீ. அளவுக்குக் கீழே இறங்குகிறது! ஐந்தாம் வகுப்புப் படித்தவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சமன்பாடு தேவைப்பட்டது. அவருக்கு முப்பது ஆண்டுகள் பொதி ஏற்றிய கைகளே போதுமானவையாக இருந்தன.

துணியும் தையலும்

மூன்றாவது கேள்வி, எந்தத் துணி? பிளாஸ்டிக் தார்ப்பாய் மலிவானது, மழை புகாது. ஆனால் ஒருவர் இரவு முழுவதும் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் வெளியிடும் நீராவி ஏறத்தாழ கால் லிட்டர். கிருஷ்ணகிரிப் பக்கத்து மார்கழிக் குளிரில் தார்ப்பாயின் உட்புறம் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிடும். அந்த நீராவி அதில் துளித்துளியாகப் படிந்து படுத்திருப்பவர் மேலேயே சொட்டும். வெளியே மழையில்லை, உள்ளே மழை!

கேன்வாஸ் என்னும் பருத்திக் கித்தான் அப்படியன்று. அதன் நுண்துளைகள் வழியே நீராவி வெளியேறும். மழை பட்டதும் பருத்தி இழைகள் ஊதிப் பெருத்துத் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் புதுக் கித்தான் கூடாரத்தை முதல் பயணத்துக்கு முன் நன்றாக நனைத்துக் காயவைக்க வேண்டும் என்பார்கள். ஊசித்துளைகளும் நூல் ஊதுவதால் அடைபடும். துணி எவ்வளவு நீரைத் தடுக்கும் என்பதை மில்லி மீட்டரில் குறிப்பிடுகிறார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி அதில் நீர் ஊற்றிக்கொண்டே வந்தால், எந்த உயரத்தில் நீர் கசியத் தொடங்குகிறதோ அதுவே அந்த எண். 1,500 என்றால் ஒன்றரை மீட்டர் நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். பாஸ்கலின் விதியைப் படித்த நமக்கு இது புரியாத எண் அன்று.

நாங்கள் சுவருக்குக் கித்தானும், அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு அப்பாவின் பழைய தார்ப்பாயும் என்று முடிவு செய்தோம். மழையைத் தார்ப்பாய் தடுக்கும்; இடைவெளியில் காற்று ஓடும்; வெயிலின் சூடும் நேரே இறங்காது.

தைத்தவர் என் தாய். பதினெட்டு ஆண்டுகளாக ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தையல் வேலை செய்கிறார். நான் வரைந்து கொடுத்த படத்தில் கூரையின் உச்சியில் ஒரு மூட்டு வந்தது. அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "உச்சியில தையல் வந்தா அங்கதான் மொதல்ல ஒழுகும். ஒரே துணியா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகட்டும். தையல் சுவத்துல வரட்டும்" என்றார். மூட்டுகளை மடித்து மடித்து இரட்டைத் தையல் போட்டார். சன்னலுக்குக் கொசுவலை. சதுர அங்குலத்துக்கு 156 கண் கொண்ட வலையே வேண்டும் என்று அப்பா தம் பொதியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மலேரியாவைத் தடுக்க உலக நாடுகளுக்கு வழங்கப்படும் வலைகளின் கண்ணும் அதுவே. கொசுவர்த்தியைக் கூடாரத்துக்குள் கொளுத்துவதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். துணிக்கூட்டுக்குள் நெருப்பு ஆகாது.

காற்றும் இடியும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம் பகுதியினர் நன்கு அறிவர். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் துணியை ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். வேகம் இருமடங்காகி 72 கி.மீ. ஆனால் அது 24 கிலோ ஆகும். எனவே கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றை நோக்கி இருக்குமாறு வண்டியை நிறுத்த வேண்டும். பெருங்காற்று என்றால் மடித்துவிட வேண்டும்.

இடி மின்னலின்போது கூடாரத்தில் இருக்கவே கூடாது. இறங்கி வண்டியின் முன்னறையில் அமர்ந்து கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொள்ள வேண்டும். நாற்புறமும் உலோகம் சூழ்ந்த கூட்டின் வெளிப்புறத்திலேயே மின்னோட்டம் சென்றுவிடும் என்பதை 1836-இல் மைக்கேல் பாரடே ஒரு பெருங்கூண்டு கட்டித் தாமே அதனுள் அமர்ந்து மெய்ப்பித்தார். ஏணியையும் செங்குத்தாகச் சாய்க்கலாகாது. 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் அடிப்பகுதியை வெளியே தள்ளி வைப்பது பாதுகாப்பு. எங்கள் தளம் 6 அடி உயரம். ஆகவே ஏணியின் கால் ஒன்றரை அடி தள்ளி நிற்கும்.

சட்டத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே வண்டியின் உடலில் வெல்டிங் வைக்காமல், கழற்றி மாட்டும் வகையில் போல்ட்டுகளாலேயே எல்லாவற்றையும் பொருத்தினோம். இவ்வேலையில் இறங்குவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நன்று.

படுப்பவர் சொன்னவை

எங்கள் இயற்பியல் பேராசிரியரிடம் என் வரைபடத்தைக் காட்டியபோது, அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உன் அப்பா இதில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பார்?" என்று கேட்டார். எத்தனை விலைப்பட்டியலைப் புரட்டினாலும் காணாத கேள்வி அது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "நான் படுத்திருந்தாலும் பொதி என்ற கண்ணுல படோணும்." ஆகவே தலைமாட்டில், கீழ்நோக்கிப் பார்க்க ஒரு சிறு சன்னல். "எந்திரிச்சு உக்காந்தாத் தலை இடிக்கப்படாது. ராத்திரிதான் காசு எண்ணோணும்." ஆகவே நடுவில் மூன்றரை அடி உயரம். "முட்டி வலிக்குது. ஏறுனவன் எறங்கறதும் நெனப்புல இருக்கோணும்." ஆகவே ஏணிப்படிகள் அகலமாக, நெருக்கமாக. நிறுத்தும் இடத்தைப் பற்றியும் அவருக்கே தெரிந்திருந்தது. தென்னைக்கு அடியில் ஆகாது. பட்ட கிளையுள்ள மரம் ஆகாது. தலைப்பக்கம் சற்று மேடாக இருக்க வேண்டும். பள்ளத்தில் நிறுத்தினால் மழை வந்தால் சக்கரம் இறங்கும்.

செலவு ரூ.14,300 ஆயிற்று. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த மாணவி என்ற முறையில் எனக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் ரூ.1,000 வருகிறது. அதை என் மேற்படிப்புக்கென அம்மா தொடாமல் வைத்திருந்தார். அதை எடுக்க அப்பா இசையவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் படிப்புப் பணத்தில் தாம் உறங்குவதா என்பது அவர் வாதம். நீங்கள் விழித்திருந்து சம்பாதித்ததில்தானே நான் படித்தேன் என்பது என் வாதம். இறுதியில் அது கடன் என்றும், ஒவ்வொரு பயணத்திலும் ரூ.500 திருப்பித் தருவது என்றும் உடன்பட்டார். கூடாரத்தின் எடைக்காக ஐம்பது போர்வைகளைக் குறைத்துக்கொள்ளவும் அவரே முன்வந்தார். "அம்பது போர்வை அடுத்த நடையில வித்துக்கலாம்" என்றார். 2025 டிசம்பரில் கூடாரத்தோடு முதல் பயணம் போய் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டோம். கூரையில் ஓர் இடத்தில் துணி படபடக்கிறது, ஒரு கயிறு கூட்ட வேண்டும் என்றார். வேறு குறை சொல்லவில்லை. அவர் கால் வீங்காமல் வந்திருந்ததை அம்மா முதலில் கவனித்தார். முதல் 500 ரூபாயை என் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

முடிவுரை

2025 அக்டோபர் 1-ஆம் நாள் முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம் என்று மைய அரசு விதி செய்துள்ளது. வரவேற்கத்தக்கது. ஆனால் மூன்றரை டன்னுக்கு உட்பட்ட சிறு வண்டிகள் அவ்விதியில் அடங்கவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் பானையும் பாயும், பழமும் போர்வையும் ஏற்றிச் செல்லும் எத்தனையோ சிறு வண்டிகளின் ஓட்டுநர்கள் இன்றிரவும் இருக்கையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார்கள். அவர்களுக்கு ஏற்ற விலையில், ஏற்ற எடையில் ஒரு படுக்கையை வடிவமைப்பது நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களால் ஆகாத செயலா? துணிக்கும், தையலுக்கும், பட்டறைக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. கணக்குப் போட நாம் இருக்கிறோம்.

கூடாரம் தேர்ந்தெடுக்க விரும்பும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. முதலில் வண்டி எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். அடுத்து வானமும் காற்றும் எப்படி என்று கேளுங்கள். துணியின் எண்ணைப் பாருங்கள். தையலைத் தடவிப் பாருங்கள். விலையைக் கடைசியாகப் பாருங்கள். இவையனைத்துக்கும் முன்னதாக, அதில் படுக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் ஆய்வகத்துத் தராசும் அளவுகோலும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனால், நமக்காக விழித்திருந்தவர்கள் சற்றுக் கண்ணுறங்கவும் அவை உதவும்.